21 வயதுக்கு முன் பெற்றோரிடமிருந்து சட்டப்படி விலக முடியுமா? சிங்கப்பூர் இளையர்களுக்கான கேள்வி பதில்

வீட்டுக் கெடுபிடி தாங்காமல் நள்ளிரவில் கைப்பேசியில் இதைத் தேடும் பிள்ளைகளுக்காக எழுதியது. தேடினால் முதலில் வருவது அமெரிக்கச் சட்டம். அதைப் படித்துவிட்டு, “16 வயதாகிவிட்டது, நீதிமன்றத்துக்குப் போனால் விடுதலை கிடைக்கும்” என்று நம்பிப் பையைக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையோடு வீட்டை விட்டு இறங்கக் கூடாது என்பதுதான் என் முதல் கவலை. இங்கே என்ன இல்லை, அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதை வழக்கறிஞரோ சமூக ஊழியரோதான் சொல்ல முடியும்.

இந்த நிமிடமே ஆபத்தில் இருக்கிறீர்கள் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். 999ஐ அழையுங்கள். வாய்விட்டுப் பேச முடியாத நிலை என்றால் 70999க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

அமெரிக்காவில் “எமான்சிபேஷன்” என்று ஒன்று இருக்கிறதாமே, சிங்கப்பூரில் உண்டா?

இல்லை. “இனி என் பெற்றோருக்கு என்மேல் அதிகாரம் இல்லை, என்னைப் பெரியவராக அறிவியுங்கள்” என்று கேட்டு விண்ணப்பிக்க இங்கே படிவமும் இல்லை, சட்டமும் இல்லை.

அமெரிக்காவிலும் அது சினிமாவில் வருகிற மாதிரி எளிதல்ல. கலிஃபோர்னியாவில் 14 வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் பெற்றோரின் சம்மதத்தோடோ, அவர்கள் பேசாமல் விட்டுவிட்டதாலோ ஏற்கெனவே தனியாக வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். சொந்த வருமானத்தில் வாழ்க்கையை நடத்துவதையும் நீதிபதிக்குக் காட்ட வேண்டும். கொடுமையிலிருந்து தப்பி ஓடும் பிள்ளைக்கு இவை இரண்டும் கைகூடுவது அபூர்வம்.

சிங்கப்பூரின் அணுகுமுறை வேறு. ஆபத்தில் இருக்கும் பிள்ளையை அரசாங்கம் பெரியவராக அறிவிப்பதில்லை. அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பேற்க வேறொரு பெரியவரை ஏற்பாடு செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எளிதில் புரியும்.

அப்படியானால் எந்த வயதில் நான் பெரியவர்?

ஒரே பிறந்தநாளில் எல்லாம் மாறிவிடாது. இங்கிலாந்து 1970லும் மலேசியா 1971லும் வயது வரம்பை 18 ஆக்கின. சிங்கப்பூரில் பொதுச் சட்டத்தின்படி அது இன்னும் 21தான். ஆனால் வெவ்வேறு சட்டங்கள் அதற்கு முன்பே சில உரிமைகளைத் தந்துவிடுகின்றன.

13 வயதில் இலகுவான வேலை செய்யலாம். 15 வயதில் அடையாள அட்டை வருகிறது, அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கும் தொடங்கலாம். 18 வயதில்தான் பெரிய மாற்றம். 2009 மார்ச் 1 முதல், 18 வயதானவர் தம் பெயரில் செய்யும் பெரும்பாலான ஒப்பந்தங்கள் செல்லும். கைப்பேசிச் சந்தா, வேலை ஒப்பந்தம், அறை வாடகை எல்லாம் இதில் அடங்கும். நிலம், வீடு வாங்கி விற்பதும் 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் விதிவிலக்கு. தம் பெயரிலேயே வழக்குத் தொடுக்கவும் 18 வயதில் முடியும். வாக்களிப்பது, உயில் எழுதுவது, பெற்றோர் சம்மதமின்றித் திருமணம் செய்வது ஆகியவற்றுக்கு 21 ஆக வேண்டும். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பெயரை மாற்றுவதும் 21க்குப் பிறகுதான். தனியாள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க 35 வரை காத்திருக்க வேண்டும். தனியாக வாழ நினைக்கும் பலரை உண்மையில் நிறுத்தி வைப்பது இந்தக் கடைசி எண்தான்.

அம்மா என் கைப்பேசியைத் தினமும் சோதிக்கிறார். தோழிகளோடு வெளியே விடுவதில்லை. வாரத்தில் ஐந்து நாள் டியூஷன். இது சட்டப்படி கொடுமையா?

நீங்கள் சொன்னவை மட்டும் என்றால், இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் நேரம், நட்பு, கைப்பேசி இவற்றில் பெற்றோர் தலையிடுவதைச் சட்டம் பெரும்பாலும் குடும்பத்துக்கே விட்டுவிடுகிறது. பிள்ளையைத் திருத்துவதற்காக நியாயமான அளவில் கைநீட்டுவதைக்கூடச் சிங்கப்பூர்ச் சட்டம் தடை செய்யவில்லை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் சட்டம் அதுதான்.

கொடுமை அல்ல என்பதால் உங்கள் வருத்தம் பொய்யாகிவிடாது. மூச்சுவிட இடமில்லாத வீட்டில் வளர்வது உண்மையிலேயே வலிக்கும். அதற்கான உதவி நீதிமன்றத்தில் கிடைக்காது, பள்ளி ஆலோசகரிடமும் குடும்பச் சேவை நிலையத்திலும் கிடைக்கும், அவ்வளவுதான். வெளியாள் ஒருவர் நடுவில் உட்கார்ந்து பேசினால் விட்டுக்கொடுக்கிற பெற்றோர் நிறைய இருக்கிறார்கள். பிள்ளை சொன்னால் எதிர்த்துப் பேசுவதாகத் தோன்றுவது, ஆலோசகர் சொன்னால் அறிவுரையாகிவிடுகிறது.

ஆனால் கீழே சொல்பவை கண்டிப்பு அல்ல. உடம்பில் தழும்பு, காயம் விழும் அளவு அடிப்பது. அறையில் பூட்டி வைப்பது. தண்டனையாகச் சாப்பாடு போடாமல் விடுவது. பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்துவது. நோய்க்கு மருத்துவரிடம் கூட்டிப்போக மறுப்பது. “நீ இல்லாமலே இருந்திருக்கலாம், செத்துப் போ” என்று நாள்தோறும் சொல்லிப் பிள்ளையின் மனத்தை உடைப்பது. உடலைத் தகாத முறையில் தொடுவது. சிறார், இளையர் சட்டத்தின்படி இப்படித் துன்புறுத்துவது குற்றம். மனரீதியான துன்புறுத்தலும் இதில் சேரும். தண்டனை 8 ஆண்டு வரை சிறை, 8,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதில் ஒன்று உங்கள் வீட்டில் நடந்தாலும், “எல்லா வீட்டிலும் இப்படித்தான்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்கு 16 வயது. நீங்கள் சொன்ன இரண்டாவது வகைதான் நடக்கிறது. யாரிடமாவது சொன்னால் அப்புறம் என்ன ஆகும்?

சொல்வதைவிட, சொன்ன பிறகு என்ன நடக்குமோ என்ற பயம்தான் பெரும்பாலான பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. 16 வயதோடு நின்ற வரம்பு 2020 ஜூலையிலிருந்து 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாருக்கும் நீண்டிருக்கிறது. 16, 17 வயதுப் பிள்ளைகள் நடுவில் விடுபட்டுப் போன காலம் முடிந்துவிட்டது.

யாரிடம் சொல்வது? தேசிய வன்முறை எதிர்ப்பு உதவித் தொலைபேசி 1800-777-0000. 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேச விரும்பினால் எடுத்தவுடனே சொல்லிவிடுங்கள். நேரில் சொல்வதுதான் எளிது என்றால், ஒவ்வொரு பள்ளியிலும் ஆலோசகர் இருக்கிறார். உங்களுக்குப் பிடித்த தமிழாசிரியரிடம் சொன்னாலும் போதும், அவர் ஆலோசகரிடம் கொண்டுசெல்வார். தொடக்கப்பள்ளி வயதுத் தம்பி தங்கைகளுக்குச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரெண்ட் உதவித் தொலைபேசி இருக்கிறது: 1800-2744-788.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆலோசகர் நீங்கள் சொல்வதை ஊரெல்லாம் பரப்ப மாட்டார். ஆனால் உங்கள் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அதைத் தமக்குள் வைத்துக்கொள்ளவும் மாட்டார். அவர் துரோகம் செய்துவிட்டதாக நினைக்காதீர்கள். பேசத் தொடங்கும்போதே, “யாரிடமெல்லாம் சொல்வீர்கள்? அம்மாவிடம் எப்போது சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம், நிலைமை எவ்வளவு மோசம் என்று மதிப்பிடுவார்கள். பல குடும்பங்களில் பிள்ளை வீட்டிலேயே இருக்க, சமூக ஊழியர் வந்து போய்ப் பெற்றோரோடு வேலை செய்வார். ஆபத்து கடுமை என்றால் விவகாரம் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் சிறார் பாதுகாப்புச் சேவைக்குப் போகும். அவர்கள் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய் விவகாரத்தை இளையர் நீதிமன்றத்தின் முன் வைப்பார்கள். அங்கிருந்து பெரும்பாலும் முதலில் பார்ப்பது உறவினரைத்தான்: தாத்தா பாட்டி, மாமா, சித்தி. இல்லையென்றால் வளர்ப்புக் குடும்பம், அதுவும் இல்லையென்றால் சிறார் இல்லம். விசாரணை பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. உங்களை அடையாளம் காட்டும் எதையும் செய்தித்தாளிலோ இணையத்திலோ வெளியிடக் கூடாது. “நாலு பேருக்குத் தெரிந்துவிடும்” என்று வீட்டில் மிரட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான ஆணைகளின் நோக்கம், வீடு பாதுகாப்பான பிறகு பிள்ளையைத் திரும்ப அனுப்புவது. ஆனால் திரும்பிப் போக வழியே இல்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக 2019 சட்டத் திருத்தத்தில் மேம்பட்ட பராமரிப்பு, பாதுகாப்பு ஆணை சேர்க்கப்பட்டது. அந்த ஆணை இருந்தால் படிப்பு, சிகிச்சை போன்ற முடிவுகளைப் பெற்றோரிடம் போகாமல் பராமரிப்பவரே எடுக்கலாம். பெற்றோரின் பிடியிலிருந்து சட்டப்படி விலகுவது என்று நீங்கள் தேடியதற்குச் சிங்கப்பூரில் மிக அருகில் வருவது இதுதான்.

காயம் இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், எப்படி ஏற்பட்டது என்று உள்ளதைச் சொல்லுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். வீட்டில் சோதிக்கிற கைப்பேசியில் எழுத வேண்டாம். பள்ளியில் வைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் நல்லது.

எனக்கு 18 ஆகிவிட்டது, பெற்றோரோடுதான் இருக்கிறேன். சிறார் பாதுகாப்பு எனக்குக் கிடையாதுதானே?

கிடையாது, ஆனால் உங்கள் கையில் வேறொன்று இருக்கிறது. மாதர் சாசனத்தின்கீழ் தனிநபர் பாதுகாப்பு ஆணை கேட்டு நீங்களே குடும்ப நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு 21 வயதாக வேண்டும், இல்லையென்றால் வேறொருவர் உங்களுக்காகக் கேட்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து வரம்பு 18. பெயரைப் பார்த்து மனைவிமார்களுக்கு மட்டுமான சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். மகனும் மகளும் பெற்றோருக்கு எதிராகக் கேட்கலாம்.

அதே திருத்தம் இன்னொன்றையும் தெளிவாக்கியது. அடி உதை மட்டும் வன்முறை அல்ல. மிரட்டி, அடக்கி ஆண்டு, தன் பாதுகாப்புக்கும் நலனுக்கும் அஞ்சும்படி ஒருவரை வைத்திருப்பதும் மனரீதியான வன்முறைதான். “ஒரு நாளும் அடித்ததில்லையே” என்பது இனி முழுப் பதில் ஆகாது.

அவசரம் என்றால் விசாரணை முடியும் முன்பே இடைக்கால ஆணை தரலாம். வன்முறை செய்பவரை வீட்டிலிருந்து, அல்லது வீட்டின் ஒரு பகுதியிலிருந்து விலகி இருக்கச் சொல்லும் ஆணையும் உண்டு. ஆணையை மீறினால் காவல்துறை கைது செய்யலாம். தனியாக நீதிமன்றம் போகத் தயக்கமா? பேவ், டிரான்ஸ் சேஃப், கேர் கார்னர் போன்ற அமைப்புகளின் நிலையங்களில் விண்ணப்பத்துக்குத் துணை நிற்பார்கள்.

தோழி வீட்டுக்கு ஓடிப்போனால் போலீஸ் என்னைக் கைது செய்யுமா?

வீட்டை விட்டுப் போனதற்காக உங்களைக் குற்றவாளியாக்க மாட்டார்கள். ஆனால் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுப்பார்கள், காவல்துறை தேடும், கண்டுபிடிக்கும். சிறிய ஊர் இது. நீங்கள் 18க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பவே முயல்வார்கள். அந்த நேரத்தில் “எனக்கு அங்கே போக பயமாக இருக்கிறது, இதுதான் காரணம்” என்று அதிகாரியிடம் சொல்லுங்கள். பேசாமல் இருந்தால் சாதாரணக் கோபத்தில் ஓடிய பிள்ளை என்றே எடுத்துக்கொள்வார்கள். சொன்னால் அவர் பாதுகாப்புச் சேவையைக் கூப்பிடுவார்.

அடைக்கலம் கொடுத்த தோழியின் பெற்றோரையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியாமல் அறையில் ஒளிந்திருந்தால் வம்பு அவர்கள் தலையில் விழும். போவதாக இருந்தால் அந்த ஆன்ட்டியிடம் உள்ளதைச் சொல்லி, அவரையே உதவித் தொலைபேசிக்கு அழைக்கச் சொல்வது நல்லது.

ஜோகூரில் அத்தை இருக்கிறார். அங்கே போய்விட்டால்?

பாலத்தைத் தாண்டினால் மலேசியாவில் 18 வயதில் பெரியவர் என்பது உண்மை. ஆனால் சிங்கப்பூர்க் குடிமகனான நீங்கள் அங்கே வருகையாளர். தங்கும் அனுமதி, பள்ளி, மருத்துவம் எதுவும் தானாக வராது. இங்குள்ள பாதுகாப்புச் சேவையின் கையும் அங்கே நேராக எட்டாது. பையன் என்றால் தேசிய சேவைக் கடமை வேறு பின்தொடரும். விடுமுறைக்கு ஒரு வாரம் அத்தை வீட்டில் மூச்சுவிட்டு வருவது வேறு, ஓடிப்போவது வேறு.

“சொன்ன பேச்சைக் கேட்கலைன்னா பாய்ஸ் ஹோமில் கொண்டுபோய் விட்டுருவேன்” என்று அப்பா மிரட்டுகிறார். முடியுமா?

அவர் நினைத்தவுடன் காரில் ஏற்றிக்கொண்டுபோய் விட முடியாது. நீதிமன்ற ஆணை வேண்டும்.

பிள்ளையைச் சமாளிக்க முடியவில்லை என்று பெற்றோர் இளையர் நீதிமன்றத்தை நாடும் வழி உண்மையிலேயே இருக்கிறது. முன்பு இதைப் பெற்றோர் கட்டுப்பாட்டுக்கு மீறிய பிள்ளை என்ற பெயரில் செய்தார்கள். இப்போது குடும்ப வழிகாட்டல் ஆணை. பெயர் மாறியதில் ஓர் அர்த்தம் இருக்கிறது: குறை பிள்ளையிடம் மட்டுமே என்று இனி வைக்கவில்லை. விண்ணப்பிக்கும் முன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு குடும்பத் திட்டத்தில் கலந்துகொண்டிருக்க வேண்டும். அங்கே சமூக ஊழியர் உங்களையும் கேட்பார். வீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல அது நல்ல இடம்.

என் அண்ணன் மகன் இரண்டு நாளாக எங்கள் வீட்டில் இருக்கிறான். திரும்பிப் போக மாட்டேன் என்கிறான். அத்தையான நான் என்ன செய்வது?

முதல் வேலையாக, அவன் பாதுகாப்பாக உங்களிடம் இருப்பதை அவன் பெற்றோருக்குத் தெரிவியுங்கள். காவல்துறை அநாவசியமாகத் தேட வேண்டாம். ஆனால் சாப்பாடு போட்டு, சமாதானம் சொல்லி, உடனே கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அவனைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். அடி, பட்டினி, தகாத தொடுகை என்று எதையாவது சொன்னால் அன்றே 1800-777-0000ஐ அழையுங்கள். அண்ணிக்கும் அண்ணனுக்கும் முகம் கொடுக்க முடியாமல் போகுமே என்ற சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பையன் நம்பி வந்தது உங்கள் வீட்டுக்கு.

நிரந்தரமாக அவனை வைத்துக்கொள்ள நீங்களாகவே நீதிமன்றம் போவது கடினமான வழி. பிள்ளைகள் பாதுகாவலர் சட்டம் பெரும்பாலும் பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் இடையிலான வழக்குகளுக்கானது. சிறார் பாதுகாப்புச் சேவை தலையிட்டு, பிள்ளையை உறவினரிடம் ஒப்படைக்கும் வழிதான் பெரும்பாலும் நடைமுறைக்கு வருகிறது. “நாங்கள் பார்த்துக்கொள்ளத் தயார்” என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் ஒரு பிள்ளையை இல்லத்துக்குப் போகாமல் காப்பாற்றலாம்.

பகுதிநேர வேலைச் சம்பளத்தை அம்மா முழுவதும் வாங்கிக்கொள்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

சம்பளம் வேலை செய்தவருக்குச் சேர வேண்டியது. முதலாளி உங்களுக்குத்தான் தர வேண்டும். வீட்டுக்கு ஒரு பங்கு கொடுப்பது நம் குடும்பங்களில் வழக்கம், வீடு கஷ்டத்தில் இருந்தால் அது நல்ல வழக்கமும்கூட. ஆனால் முழுவதையும் பிடுங்கிக்கொள்ள சட்டம் யாருக்கும் இடம் தரவில்லை. மாதம் 50 வெள்ளிக்கு மேல் சம்பாதித்தாலே முதலாளி மத்திய சேம நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அது உங்கள் பெயரில் இருக்கிறது, அம்மாவால் எடுக்க முடியாது. சிங்பாஸ் மறைச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள், பெற்றோரிடமும்தான். அதை வைத்திருப்பவர் நீங்களாகவே மாறிக் கையெழுத்துப் போடலாம்.

இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு இருப்பிடம், உணவு, உடை, கல்வி தருவது மாதர் சாசனத்தின்படி பெற்றோரின் கடமை. பொதுவாக அது 21 வயது வரை. அதற்குப் பிறகும் படித்துக்கொண்டிருந்தாலோ, முழுநேர தேசிய சேவையில் இருந்தாலோ, உடற்குறை இருந்தாலோ நீதிமன்றம் அதை நீட்டிக்கலாம். பெற்றோரிடமிருந்து முழுக்க விலகும் ஆசையில் இந்த உரிமையை மறந்துவிட வேண்டாம். அமெரிக்காவில் அப்படி விலகும் பிள்ளை பொதுவாக இதைத்தான் இழக்கிறது.

தேசிய சேவைக்குப் போனால் விடிவு கிடைக்குமா?

பல பையன்களுக்கு ஓரளவு கிடைக்கிறது. முகாமில் தங்குவதும், சொந்தக் கணக்கில் விழும் படித்தொகையும் ஒரு இடைவெளி தரும். 16½ வயதில் முன்கூட்டியே சேரலாம், ஆனால் அதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். வார இறுதியில் வீடு திரும்பத்தான் வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வழியே இல்லை என்பது எனக்குத் தனி வருத்தம்.

கல்யாணம் செய்துகொண்டால் பெற்றோர் பிடி போய்விடுமா?

தயவுசெய்து இந்த வழியாகத் தப்பிக்க நினைக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் அமைச்சரின் சிறப்பு உரிமம் இல்லாமல் திருமணம் செல்லாது. 18 முதல் 20 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும், திருமணத் தயார்நிலைப் பயிற்சியும் கட்டாயம். அந்தப் பெற்றோரிடம்தானே போய் நிற்க வேண்டியிருக்கும்? அடக்கியாளும் வீட்டிலிருந்து அவசரமாக வெளியேறி, அடக்கியாளும் துணையிடம் போய்ச் சேரும் அபாயமும் உண்டு.

இதன் மறுபக்கம்: பெற்றோர் உங்களைக் கட்டாயப்படுத்திக் கல்யாணம் செய்து வைக்கவும் முடியாது. உங்கள் சொந்தச் சம்மதம் இல்லாத திருமணத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். “ஊருக்குப் போய் வரலாம்” என்று திடீரென இந்தியாவுக்குச் சீட்டு எடுத்து, காரணம் சொல்ல மறுத்து, உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் கிளம்பும் முன்பே உதவித் தொலைபேசியை அழையுங்கள். விமான நிலையத்தில் இருந்தாலும் அங்குள்ள காவலரிடம் சொல்லலாம்.

வீட்டுச் சமயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாறலாமா?

சிங்கப்பூர் அரசமைப்பின் 16வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சமயத்தைத் தீர்மானிப்பவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். 18க்குப் பிறகு அது உங்கள் முடிவு. அதுவரை மனத்துக்குள் நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்பதில் எந்தச் சட்டமும் நுழையாது.

நாங்கள் முஸ்லிம் குடும்பம். இவையெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

திருமணம், விவாகரத்து முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்கீழ் வரும். குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்பும் பிள்ளைகளுக்கான பராமரிப்பும் எல்லாச் சமயத்தாருக்கும் ஒன்றே. சிறார் பாதுகாப்பும் அப்படித்தான்.

அப்பாவின் வேலை அனுமதியைச் சார்ந்து இங்கே இருக்கிறேன். புகார் கொடுத்தால் எங்களை நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ?

தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களில் இந்தப் பயம் மிகுதி, காரணமும் இல்லாமல் இல்லை. சார்ந்திருப்போர் அனுமதி 21 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைக்குப் பெற்றோரின் அனுமதியோடு இணைந்தே வருகிறது. அது முடிந்தால் இதுவும் முடியும். ஆனால் பாதுகாப்புக் கேட்க நீங்கள் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. இங்கே வாழும் எந்தப் பிள்ளைக்கும் அது உண்டு. சமூக ஊழியரிடம் பேசும்போது அனுமதி விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதையும் சேர்த்துத் திட்டமிடுவார்கள்.

பிற்காலத்தில் இதே பெற்றோர் பராமரிப்புப் பணம் கேட்டு வழக்குப் போட்டால்?

1995ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி, 60 வயதைத் தாண்டி, தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு நடுவர் மன்றத்தை நாடலாம். சிறு வயதில் அடித்துத் துன்புறுத்தியவர், கைவிட்டுப் போனவர் வந்து கேட்டால் என்ன செய்வது என்ற கேள்வி பல ஆண்டுகளாக இருந்தது. 2023ல் சட்டத்தைத் திருத்தினார்கள். துன்புறுத்திய, புறக்கணித்த, கைவிட்ட வரலாறு உள்ள பெற்றோர் விண்ணப்பிக்கவே முதலில் மன்றத்தின் அனுமதி பெற வேண்டும். இன்று நீங்கள் உதவி கேட்டது, மருத்துவரிடம் காட்டியது எல்லாம் பதிவாக இருந்தால் அன்று உங்களுக்குத் துணை நிற்கும்.

என் மகள் இதையெல்லாம் தேடிப் படித்திருக்கிறாள். நான் அப்படி என்ன செய்துவிட்டேன்?

கோபப்பட்டுக் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். நீங்கள் கொடுமைக்காரர் என்று இதற்கு அர்த்தமில்லை. வீட்டில் பேசி எதுவும் மாறாது என்று அவள் முடிவுக்கு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்த முடிவை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. அவளுக்கே உரிய ஒரு விஷயத்தை, சாதாரண நிலைத் தேர்வுக்குப் பிறகு எந்தப் படிப்பு என்பது போல ஒன்றை, அவள் கையில் விட்டுப் பாருங்கள். தொடக்கக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அவள் பலதுறைத் தொழிற்கல்லூரி என்று சொன்னால் ஏன் என்று கேட்டு, பதிலை முழுவதும் கேளுங்கள். வீட்டில் வளர்ந்த முறையைத் தவிர வேறு முறை தெரியவில்லை என்றால் அதில் வெட்கம் இல்லை. சிண்டா எனும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்திலும் உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்திலும் பெற்றோருக்கும் துணை இருக்கிறது.

இதைத் தாங்க முடியாமல் சாகலாம் என்று தோன்றுகிறது.

இப்போதே 1767ஐ அழையுங்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம், 24 மணி நேரமும் இருப்பார்கள். 1771 என்ற தேசிய மனநல எண்ணும் அப்படித்தான். வீட்டு நிலைமை மாற மாதங்கள் ஆகலாம், ஆனால் உங்கள் பக்கம் நிற்க ஒருவர் இந்த இரவிலேயே கிடைப்பார்.

வழக்கறிஞரைப் பார்க்கப் பணம் இல்லை.

புரோ போனோ எஸ்ஜி என்ற அமைப்பு நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனை நேரங்கள் இருக்கின்றன. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் போகலாம். போகும்போது அடையாள அட்டை, தேதியோடு எழுதிய நோட்டு, மருத்துவச் சீட்டு இருந்தால் அது, இவற்றை எடுத்துப் போங்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவர், தாய்மாமனோ ஆசிரியரோ, கூட வந்தால் நல்லது. ஒருவரும் இல்லையென்றால் முதலில் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்கள். துணைக்கு வரச் சொல்லி அங்குள்ள சமூக ஊழியரிடம் தயங்காமல் கேளுங்கள்.